பட்டா யார் பேரில்? – திறந்த மூலத் தரவுத்தளங்களின் வரலாறு, பகுதி 9

2009 ஏப்ரல் 20, திங்கட்கிழமை. கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் மைஎஸ்க்யூஎல் மாநாடு அன்றுதான் தொடங்கியது. வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தரவுத்தளத்தை எழுதுகிறவர்கள், அதை வைத்துப் பிழைக்கிறவர்கள், அதன் குறைகளை விரல்நுனியில் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் கூடும் இடம் அது. அன்று வந்த செய்தி மாநாட்டையே புரட்டிப் போட்டது. சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் வாங்குகிறது. பங்குக்கு 9.50 டாலர், மொத்தம் ஏறத்தாழ 740 கோடி டாலர்.

சன் நிறுவனத்தோடு ஜாவா போகும், சொலாரிஸ் போகும், சர்வர் தொழிற்சாலைகள் போகும். கூடவே மைஎஸ்க்யூஎல்லும் போகும். ஏனென்றால் அதைச் சன் 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து 15 மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஃபேஸ்புக்கும் விக்கிப்பீடியாவும் நம்பியிருந்த ஒரு தரவுத்தளம், உலகிலேயே தரவுத்தளம் விற்று அதிகம் சம்பாதிக்கிற நிறுவனத்தின் கைக்கு மாறப் போகிறது. இணையத்தில் எதைக் கட்டினாலும் லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி என்று நான்கையும் சேர்த்துச் சொல்லிப் பழகிய தலைமுறை அது. அந்த நான்கில் ஒன்று இனி ஆரக்கிளுக்கு.

மாநாட்டில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: ஆரக்கிள் இதை வளர்க்குமா, வாட விடுமா? அந்தக் கேள்விக்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது, அதுதான் இந்தப் பகுதியின் விஷயம். மைஎஸ்க்யூஎல் ஜிபிஎல் உரிமத்தில் வெளிவருகிற கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். அப்படியிருக்க, யார் வாங்கினால் என்ன?

இதற்குப் பதில் சொல்ல மூன்றரை ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

2005 அக்டோபரில் ஆரக்கிள், ஹெல்சிங்கியில் இருந்த இன்னோபேஸ் என்ற மிகச் சிறிய நிறுவனத்தை வாங்கியது. ஹெய்க்கி டூரி என்ற ஃபின்லாந்துக்காரர் தொடங்கிய நிறுவனம். அவர் எழுதிய இன்னோடிபி, மைஎஸ்க்யூஎல்லுக்குள் பொருத்தப்படும் ஒரு சேமிப்பு எஞ்சின். மைஎஸ்க்யூஎல்லின் அமைப்பே அப்படி: மேலே கேள்வியைப் புரிந்துகொள்கிற பகுதி, கீழே தரவை வட்டில் எழுதிப் படிக்கிற எஞ்சின். எஞ்சினை மாற்றிக்கொள்ளலாம்.

மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான எஞ்சின் அப்போது மைஐசாம். வேகமானது, எளிமையானது. ஆனால் டிரான்ஸாக்‌ஷன் கிடையாது. ஒருவர் கணக்கில் 5,000 ரூபாயைக் கழித்து இன்னொருவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்று வையுங்கள். கழித்த கையோடு மின்சாரம் போய்விட்டால், மைஐசாமில் கழித்தது கழித்ததுதான், வரவு வைத்தது இல்லை. அட்டவணையே பழுதாகி, சர்வர் எழுந்தபின் உட்கார்ந்து பழுதுபார்க்க வேண்டியும் வரலாம். அட்டவணையில் ஒரு வரியை மாற்றும்போது முழு அட்டவணையும் பூட்டப்படும். இன்னோடிபியில் முதலில் மாற்றம் பதிவேட்டில் எழுதப்படும். சர்வர் திரும்ப எழும்போது அந்தப் பதிவேட்டைப் படித்து, முடிந்ததை நிலைநிறுத்தி, முடியாததை அழித்துவிடும். பூட்டு விழுவதும் வரிக்குத்தான், அட்டவணைக்கு இல்லை. கடை நடத்துகிற, பணம் வாங்குகிற எந்தத் தளமும் இன்னோடிபி இல்லாமல் மைஎஸ்க்யூஎல்லை நினைத்துப் பார்க்க முடியாது.

இன்னோடிபியும் ஜிபிஎல்தான். ஆரக்கிள் வாங்கியதால் யாருடைய சர்வரும் நின்றுவிடவில்லை. ஆனால் மைஎஸ்க்யூஎல்லை எழுதி விற்ற மைஎஸ்க்யூஎல் ஏபி நிறுவனத்துக்கு வயிற்றில் புளி கரைந்தது. ஆரக்கிளின் அறிவிப்பிலேயே அந்த வரி இருந்தது: இன்னோபேஸுக்கும் மைஎஸ்க்யூஎல்லுக்கும் உள்ள ஒப்பந்தம் அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். அந்த ஒப்பந்தம் எதற்கு என்று தெரிந்தால்தான் 2009இன் சண்டை புரியும்.

ஒரு நிறுவனம் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மைஎஸ்க்யூஎல்லைப் பொருத்தி, பெட்டியாகக் கட்டி வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறது. ஜிபிஎல் கோடோடு தன் கோடைப் பிணைத்து விநியோகித்தால், தன் கோடையும் அதே உரிமத்தில் திறந்து காட்ட வேண்டும். அந்த நிறுவனம் காட்ட விரும்பாது. அப்போது அது மைஎஸ்க்யூஎல் ஏபியிடம் வந்து பணம் கட்டி, ஜிபிஎல் இல்லாத வேறொரு உரிமத்தில் அதே கோடை வாங்கிக்கொள்ளும். இதைத்தான் இரட்டை உரிமம் என்றார்கள். இணையதளம் நடத்துகிறவர் எதையும் விநியோகிப்பதில்லை, தன் சர்வரில் ஓட்டுகிறார், அவ்வளவுதான். அவருக்கு இந்தக் கட்டாயமே கிடையாது. ஃபேஸ்புக் ஒரு பைசா கட்டாமல் மைஎஸ்க்யூஎல்லை ஓட்ட முடிந்தது அதனால்தான்.

இரண்டாவது உரிமத்தை விற்க யாரால் முடியும்? முழுக் கோடின் பதிப்புரிமையும் யாரிடம் இருக்கிறதோ அவரால் மட்டும். அதனால்தான் வெளியிலிருந்து கோட் அனுப்புகிறவர்களிடம் மைஎஸ்க்யூஎல் ஏபி உரிமையை எழுதி வாங்கிக்கொண்டது. கோடில் எல்லோரும் வீடு கட்டிக் குடியிருக்கலாம், விரிவாக்கலாம், வேண்டியவரைக் கூட்டி வந்து தங்க வைக்கலாம். பட்டா மட்டும் ஒருவர் பேரில். இன்னோடிபியின் பட்டா 2005இல் ஆரக்கிள் பேருக்குப் போனது. ஒப்பந்தம் பிறகு புதுப்பிக்கப்பட்டது, விற்பனை நின்றுவிடவில்லை. ஆனாலும் நிறுவனம் உஷாரானது. ஜிம் ஸ்டார்க்கியை அழைத்து வந்து ஃபால்கன் என்று புதிய எஞ்சினைத் தொடங்கினார்கள்; அது கடைசிவரை கரை சேரவில்லை. மைஎஸ்க்யூஎல்லின் மூலகர்த்தா மைக்கேல் விடேனியஸ், எல்லோருக்கும் மாண்டி, மைஐசாமையே விபத்து தாங்கும்படி மாற்றி எழுத ஆரம்பித்தார். அந்த எஞ்சினுக்கு மரியா என்று பெயர் வைத்தார். மூத்த மகள் மை பெயரில் மைஎஸ்க்யூஎல், இளைய மகள் மரியா பெயரில் எஞ்சின்.

இனி 2009க்குத் திரும்பலாம்.

மாண்டி அப்போது சன் நிறுவனத்தில் இல்லை. 2008 நவம்பரில் மைஎஸ்க்யூஎல் 5.1 முழுமையடைந்ததாக அறிவிக்கப்பட்டபோது, தான் சம்பளம் வாங்கும் நிறுவனத்தின் வெளியீட்டையே அவர் பகிரங்கமாக விமரிசித்தார்: கடுமையான பிழைகள் தீராமலே இதை வெளியே விடுகிறார்கள் என்று. 2009 பிப்ரவரியில் விலகி மாண்டி புரோகிராம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மைஎஸ்க்யூஎல் கோடை எடுத்து, மரியா எஞ்சினைச் சேர்த்து, மரியாடிபி என்று தனிக் கிளையாக வளர்க்கும் வேலை ஆரம்பமாகியிருந்தது. எஞ்சினுக்கும் தரவுத்தளத்துக்கும் ஒரே பெயர் என்ற குழப்பம் வந்ததால் 2010இல் எஞ்சினின் பெயர் ஆரியா ஆனது. 2009 மே மாதத்தில் மாண்டி, பெர்கோனா நிறுவனத்தோடு சேர்ந்து ஓப்பன் டேட்டாபேஸ் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பையும் அமைத்தார்.

அமெரிக்க நீதித்துறை ஆகஸ்டில் பச்சைக்கொடி காட்டிவிட்டது. ஐரோப்பிய ஆணையம் காட்டவில்லை. போட்டித் துறை ஆணையர் நீலி குரூஸ் செப்டம்பர் 3 அன்று ஆழ்ந்த விசாரணைக்கு உத்தரவிட்டார். நவம்பர் 9 அன்று முறையான ஆட்சேபம் அனுப்பப்பட்டது. இரண்டுக்கும் ஒரே காரணம் மைஎஸ்க்யூஎல். 740 கோடி டாலர் பேரம், உரிமக் கட்டணம் கட்டாமலே பெரும்பாலானோர் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் மாட்டிக்கொண்டு நின்றது. மாதம் 10 கோடி டாலர் சன் நிறுவனத்துக்கு நஷ்டமாகிறது என்றார் ஆரக்கிளின் லாரி எல்லிசன். அக்டோபரில் 3,000 பேரை வேலையை விட்டு அனுப்பப் போவதாகச் சன் அறிவித்தது. நவம்பரில் அமெரிக்க செனட்டர்கள் 59 பேர் சீக்கிரம் முடிவெடுக்கச் சொல்லி ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். மைஎஸ்க்யூஎல் பற்றிய சித்தாந்தச் சண்டையை நாம் இன்று நிதானமாகப் படிக்கிறோம். அந்தச் சண்டை நடந்த மாதங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சம்பளம் நிற்குமோ என்று காத்திருந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தச் சண்டையில் அணிகள் பிரிந்த விதம்தான் இந்த வரலாற்றிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

மைஎஸ்க்யூஎல் ஏபியை ஏழாண்டுகள் தலைமை ஏற்று நடத்திய மார்டன் மிக்கோஸ், அக்டோபர் 8 அன்று நீலி குரூஸுக்குக் கடிதம் எழுதினார். பேரத்தை அனுமதியுங்கள் என்றார். மைஎஸ்க்யூஎல்லை யாராலும் கொல்ல முடியாது, ஜிபிஎல் இருக்கும்வரை கோட் வெளியில்தான் இருக்கும் என்பது அவர் வாதம். பல ஆண்டுகள் ஒன்றாக உழைத்த மாண்டி நேர் எதிரணியில் நின்றார்.

அதைவிடப் பெரிய பிளவு இன்னொன்று. அக்டோபர் 19 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன், நாலெட்ஜ் ஈக்காலஜி இன்டர்நேஷனல், ஓப்பன் ரைட்ஸ் குரூப் என்ற இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து ஆணையத்துக்கு எழுதினார். பேரத்தைத் தடுக்கச் சொன்னார். ஜிபிஎல்லை உருவாக்கியவரே, ஜிபிஎல் மட்டும் இங்கே போதாது என்றார். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. மைஎஸ்க்யூஎல்லின் வளர்ச்சிக்கு ஆன செலவின் ஒரு பகுதி இரண்டாவது உரிம விற்பனையிலிருந்து வந்தது. கிளை பிரிந்து போகிறவர்களுக்கு ஜிபிஎல் கோட் கிடைக்கும், அந்த விற்பனை கிடைக்காது. அடுத்தது, மைஎஸ்க்யூஎல் ஜிபிஎல்லின் இரண்டாம் பதிப்பில் மட்டும் வெளிவருகிறது, ‘அல்லது அதற்குப் பிந்தையது’ என்ற வாசகம் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே மூன்றாம் பதிப்பில் வரும் மென்பொருள்களோடு அதைச் சேர்க்க முடியாது, மாற்றித் தரவும் பதிப்புரிமை வைத்திருப்பவரால்தான் முடியும்.

டிசம்பரில் எபன் மோக்லன் எதிர்வாதம் வைத்தார். ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்குப் பல்லாண்டுகள் வழக்கறிஞராக இருந்தவர், ஜிபிஎல் மூன்றாம் பதிப்பை ஸ்டால்மனோடு உட்கார்ந்து எழுதியவர். ஆரக்கிள் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதுகிறேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டே எழுதினார். ஒரு போட்டி நிறுவனம் கோடை வாங்கிப் பூட்டி வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே ஜிபிஎல் வடிவமைக்கப்பட்டது. அதன் பலத்தைச் சந்தேகிக்கிறவர்கள் அது ஏற்கனவே உலகமெங்கும் செய்துகாட்டியதைப் பார்க்க மறுக்கிறார்கள் என்பது அவர் நிலை.

ஒரே உரிமத்தை எழுதிய இருவர், அந்த உரிமம் எவ்வளவு தாங்கும் என்பதில் எதிரெதிராக நின்றார்கள். இதைக் கட்சிச் சண்டையாகப் பார்ப்பவர்கள் அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மோக்லன் கோடைப் பற்றிப் பேசினார், ஸ்டால்மன் கோடை எழுதுகிறவர்களின் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். ஒரு தரவுத்தளத்தில் இரண்டாவது கேள்விதான் கனமானது. உரை எடிட்டரை ஓய்வு நேரத்தில் எழுதிப் பராமரித்துவிடலாம். கோடிக்கணக்கான வரிகள் புரளும் அட்டவணையில் பூட்டுகள் சிக்காமல் பார்த்துக்கொள்வதும், விபத்துக்குப் பிறகு ஒரு வரிகூடத் தொலையவில்லை என்று நிரூபிப்பதும் முழுநேர வேலை, அதுவும் வருடக்கணக்கில்.

மாண்டியின் கோரிக்கை டெவலப்பர்களையே இரண்டாகப் பிரித்தது. மைஎஸ்க்யூஎல்லை வேறொருவருக்கு விற்றுவிட வேண்டும், முடியாவிட்டால் அப்பாச்சி போன்ற தளர்வான உரிமத்துக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டார். விற்றுப் பணம் வாங்கியவர் இப்போது திரும்பக் கேட்கிறாரே என்று பலர் கோபப்பட்டார்கள். ஜிபிஎல்லை நம்பியவர்களுக்கு, ஜிபிஎல்லையே கழற்றிவிடச் சொல்வது உறுத்தியது. கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அவர் கேட்டதை உற்றுப் பார்த்தால், பட்டாவின் தனிச்சலுகையைக் கரைத்துவிடுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறார். அப்பாச்சி உரிமத்தில் இருந்தால் யார் வேண்டுமானாலும் மூடிய மென்பொருளுக்குள் அதைப் பொருத்தி விற்கலாம். பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும் அதற்குத் தனி விலை இராது. அதைச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்ததா என்பது வேறு விஷயம். அந்தத் தனிச்சலுகையை உருவாக்கி, அதனாலேயே 100 கோடிக்கு விலைபோன நிறுவனத்தின் நிறுவனர் அவர். சன் நிறுவனத்திடம் விற்கும் அன்றே இந்த நிபந்தனையை எழுதி வைத்திருந்தால், பிரஸ்ஸல்ஸுக்குப் போக வேண்டியே வந்திருக்காது.

டிசம்பர் 10, 11 தேதிகளில் பிரஸ்ஸல்ஸில் விசாரணை நடந்தது. 12ஆம் தேதி மாண்டி உலக டெவலப்பர்களிடம் கையெழுத்து கேட்டு வேண்டுகோள் விடுத்தார். 14ஆம் தேதி ஆரக்கிள் பத்து வாக்குறுதிகளை வெளியிட்டது. சேமிப்பு எஞ்சின்களை இணைக்கும் இடைமுகத்தைத் திறந்தே வைப்போம். எதிர்காலப் பதிப்புகளையும் ஜிபிஎல்லில் வெளியிடுவோம். பயனர் கையேட்டை இலவசமாகத் தருவோம். ஆராய்ச்சிக்குச் சன் கடைசி நிதியாண்டில் செலவிட்ட 2.4 கோடி டாலரைவிட அதிகமாக அடுத்த மூன்று ஆண்டுகளும் ஆண்டுதோறும் செலவிடுவோம் என்றெல்லாம். வாக்குறுதிகளின் மொத்தக் காலக்கெடு ஐந்து ஆண்டுகள்.

2010 ஜனவரி 21 அன்று ஆணையம் நிபந்தனையில்லாமல் அனுமதித்தது. வாக்குறுதிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகச் சொன்னது. கிளைகள் பிரிந்து வளர முடியும் என்றது. போஸ்ட்கிரேஎஸ்க்யூஎல் என்ற நம்பகமான மாற்று இருக்கிறது என்றும் சுட்டிக்காட்டியது. தொடரின் முற்பகுதியில் பார்த்தோமே, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்து தன்னார்வலர்கள் கைக்கு வந்த அதே போஸ்ட்கிரேஸ். அதன் பதிப்புரிமை எந்த ஒரு நிறுவனத்திடமும் குவியவில்லை. வாங்கவே முடியாத ஒரு தரவுத்தளத்தைக் காட்டித்தான், வாங்கப்பட்ட தரவுத்தளத்துக்கு அனுமதி கிடைத்தது. ஜனவரி 27 அன்று பேரம் முடிந்தது.

சில நாட்களில், பிப்ரவரியில், மரியாடிபி 5.1இன் நிலையான முதல் பதிப்பு வந்தது. அதன் பலம் புதுமையில் இல்லை, ஒற்றுமையில் இருந்தது. நிர்வாகி மைஎஸ்க்யூஎல் சர்வரை நிறுத்துவார், மரியாடிபி பொதியை நிறுவுவார், திரும்பத் தொடங்குவார். அதே தரவுக் கோப்புறை, அதே அமைப்புக் கோப்பு, அதே 3306 போர்ட். கட்டளையின் பெயர்கூட அதேதான். பிஎச்பி நிரலுக்கு உள்ளே ஆள் மாறியது தெரியவே தெரியாது. ஒரு தளத்தை இப்படி இரவோடிரவாக மாற்றிவிட்டுக் காலையில் யாரும் ஒன்றும் கேட்காதபோது நிர்வாகிக்கு வரும் நிம்மதி, எந்த விளம்பரமும் தராத நம்பிக்கை.

ஆரக்கிள் மைஎஸ்க்யூஎல்லைப் பட்டினி போட்டுவிடும் என்று பயந்தவர்களின் கணிப்பு அந்த வகையில் பொய்த்துப் போனது, இதைச் சொல்லியே ஆக வேண்டும். 2010 டிசம்பரில் வந்த 5.5இல் இன்னோடிபி இயல்பான எஞ்சின் ஆனது. மேலே உள்ள பகுதியும் கீழே உள்ள எஞ்சினும் முதல்முறையாக ஒரே கூரையின் கீழ் வந்ததன் பலன் அது. 2013இல் வந்த 5.6 பல ஆண்டுக் குறைகளைத் தீர்த்தது. பொறியியல் நன்றாகவே நடந்தது.

மாறியது வேறொன்று. 2011 செப்டம்பரில் திரெட் பூல் போன்ற சில வசதிகள் பணம் கட்டும் பதிப்புக்கு மட்டும் என்று வந்தன. 2012இல் இன்னும் நுட்பமான ஒன்று நடந்தது: பாதுகாப்புப் பிழைகளைத் திருத்தும்போது, அந்தத் திருத்தத்தைச் சோதிக்கும் நிரல்களை வெளியிடுவதை ஆரக்கிள் நிறுத்திக்கொண்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்பமாகத் தெரியலாம். ஒரு லினக்ஸ் வெளியீட்டில் மைஎஸ்க்யூஎல் பொதியைப் பராமரிக்கிறவரின் இடத்திலிருந்து பாருங்கள். பழைய பதிப்பில் ஒரு ஓட்டையை அடைக்க வேண்டும். எந்தப் பிழை என்று விவரம் இல்லை, அடைத்தது சரியா என்று பார்க்கச் சோதனையும் இல்லை. கோட் திறந்திருக்கிறது, ஆனால் கோடைப் பற்றிய பேச்சு மூடிவிட்டது. உரிமம் எதுவும் மீறப்படவில்லை. ஜிபிஎல்லில் இதற்கு விதியே இல்லை.

லினக்ஸ் வெளியீடுகள் அதற்குப் பிறகுதான் நகரத் தொடங்கின. 2012 டிசம்பரில் மரியாடிபி அறக்கட்டளை அறிவிக்கப்பட்டது. 2013இல் ஓப்பன்சூசேயும் ஃபெடோராவும் மரியாடிபிக்கு மாறின. 2014இல் ரெட் ஹாட்டின் ஏழாம் பதிப்பு. 2017இல் டெபியன் 9. விக்கிப்பீடியா தன் ஆங்கில, ஜெர்மன் தளங்களை 2013 ஏப்ரலில் மரியாடிபிக்கு மாற்றிவிட்டதாக அறிவித்தது. தமிழ் விக்கிப்பீடியா உட்பட மற்ற மொழிகளும் பின்னர் அதே வழியில் போயின. நாம் அங்கே ஒரு கட்டுரையைத் திருத்திச் சேமிக்கும்போது அந்த எழுத்து போய் அமர்வது மாண்டி கிளை பிரித்த தரவுத்தளத்தில்தான்.

பத்து வாக்குறுதிகளின் கெடு 2015 ஜனவரியில் முடிந்தது. அதற்குள் இரண்டு தரவுத்தளங்களும் வெவ்வேறு பாதையில் போய்விட்டிருந்தன. 2014இல் மரியாடிபி தன் பதிப்பு எண்ணை 10.0 என்று தாண்டி வைத்தது. இனி ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாத காலம் தொடங்கியது.

ஸ்டால்மன் எழுப்பிய சாப்பாட்டுக் கேள்வி மரியாடிபியையும் விடவில்லை. அதன் சர்வர் மைஎஸ்க்யூஎல்லிலிருந்து ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் வந்த கோட், பதிப்புரிமையின் பெரும்பகுதி ஆரக்கிளிடம். ஆகவே இரட்டை உரிமம் விற்க, அதை வளர்க்கும் மரியாடிபி நிறுவனத்தால் முடியாது. ஆதரவுச் சேவையும் முதலீட்டாளர் பணமும்தான் கதி. 2016 ஆகஸ்டில் அந்த நிறுவனம், தானே முழுக்க எழுதிய மேக்ஸ்கேல் என்ற துணை மென்பொருளின் 2.0 பதிப்பைப் புதுவகை உரிமத்தில் வெளியிட்டது. கோடை யாரும் படிக்கலாம், மாற்றலாம். ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சர்வர்களை வைத்துத் தொழிலில் ஓட்டினால் பணம் கட்ட வேண்டும். குறித்த தேதி வந்ததும் அது தானாக ஜிபிஎல் ஆகிவிடும். பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ் என்ற அந்த உரிமத்தை வகுத்தவர்களில் மாண்டியும் ஒருவர். பின்னாளில் காக்ரோச்டிபியும் ஹாஷிகார்ப்பும் அதையே கையில் எடுத்தன. அடுத்த பகுதியில் அந்த உரிமத்தையும், அதை ஏற்க மறுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்ப்போம்.